மருந்து குடிக்காத கலங்கள்

பார்வையாளர்களுக்கென்று கொடுத்த வெள்ளைக் கோட் கோசலாவுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மகேஸ்வரனுக்கோ அதே கோட் வயிற்றுக்கு நேரே பொத்தான் பூட்ட மறுத்தது.

“அண்ணை, மாத்திப் போடுவமோ?”

“துப்பறியிற ஆளுக்கு உடுப்பு முக்கியமில்லை, கோசலா.”

“மூச்சு முக்கியமெல்லோ. இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், எனக்குத்தான் பயமாக் கிடக்கு.”

மகேஸ்வரன் அவளை முறைத்துவிட்டு வயிற்றை விட்டார். பொத்தான் கழன்று மேசைக்கு அடியில் உருண்டு போனது. அதை எடுக்கக் குனிந்தவரை, “ஒண்டையும் தொடாதேங்கோ அங்கிள்!” என்று தர்சினி தடுத்தாள். இந்த ஆய்வுகூடத்துக்குள் காலடி வைத்த நேரம் முதல் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகேஸ்வரனுக்கு இப்படியான இடங்கள் பழக்கமில்லை. சுவிஸின் டீட்டிகோன் ரயில் நிலையத்துக்கு எதிரே, தமிழ்க் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அங்கே படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள்தான். பையன் குடிப்பானா, முன்னமே ஒருத்தி இருக்கிறாளா, பாங்கில் வேலை என்கிறானே, அது பாங்குக்குள்ளேயா பாங்குக்குப் பக்கத்திலேயா என்பதெல்லாம் அவருடைய வழக்குகள். கொலைக் கேஸ் ஒன்று வந்தால் அண்ணை முதலில் பொலிசுக்குப் போன் எடுப்பார், பிறகு எனக்கு எடுப்பார் என்று கோசலா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் அவருக்கு உதவியாளர். லுசேர்ணில் ஒரு ஹொட்டேல் வரவேற்பு மேசையில் நின்று முகம் பார்த்துப் பழகியவள், இப்போது அந்தப் பழக்கத்தை மாப்பிள்ளைமாரில் காட்டுகிறாள்.

இந்தக் கிழமை தொடக்கத்தில் படியேறி வந்தவர் மட்டும் மாப்பிள்ளை விசாரிக்க வரவில்லை. சிவபாக்கியம், மட்டக்களப்பு ஆள், இதே கட்டிடத்தில் துப்பரவு வேலை. அவருடைய ஒரே மகள்தான் தர்சினி. தாய் கட்டிடம் முழுக்கக் கூட்டித் துடைக்க, மகள் மூன்றாம் மாடியில் மனித உடம்பின் கலங்களை, அதாவது செல்களை, வளர்த்து மருந்து சோதிக்கிறாள்.

“என்ரை பிள்ளை பிழை விடாள் தம்பி,” என்று சிவபாக்கியம் கதிரையில் இருக்காமலே சொன்னார். “ஆரோ வேணுமெண்டு செய்திருக்கினம். அந்த ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலிடத்துப் பொம்பிளை இவளைக் கூப்பிட்டிருக்கிறா. அதுக்கு முன்னம் காரணம் சொல்லாட்டில் என்ரை பிள்ளை வெளியிலை.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி மூன்றும் ஆகிவிட்டது.

“திருப்பி ஒருக்காச் சொல்லு பிள்ளை,” என்றார் மகேஸ்வரன். “எனக்கு விளங்கிற மாதிரி. கோசலாவுக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை.”

தர்சினி மூச்சை இழுத்துவிட்டாள். இரண்டு நாளாகச் சரியாக நித்திரை கொள்ளாத முகம். “இது ஈரல் கலங்கள் அங்கிள். பாதித் தட்டுகளுக்குப் புது மருந்து விடுவன். பாதிக்கு ஒண்டும் விடமாட்டன். ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் ஆயிரக்கணக்கிலை ஜீன் இருக்கு. எல்லாம் ஒரேயடியா வேலை செய்யிறேல்லை, கனக்க நித்திரை. கலத்துக்கு ஆபத்து வந்தால் சிலது எழும்பும், சிலது படுத்திடும். எது எழும்பியிருக்கு எண்டு பாத்தால் கலத்துக்கு என்ன நடந்தது எண்டு சொல்லலாம்.”

“எங்கடை சனம் மாதிரித்தான்,” என்றாள் கோசலா. “ஆரார் கதவைத் திறந்துகொண்டு வெளியிலை வருகினம் எண்டு பாத்தால், சண்டை எந்த வீட்டிலை எண்டு தெரிஞ்சிடும்.”

தர்சினி அந்தக் கிழமையில் முதல் தரம் சிரித்தாள். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. “மருந்து விட்ட கலங்கள் பயந்து போச்சுது. கொஞ்சமா விட்டாலும் பயப்பிடுது. இந்த மருந்து ஆக்களுக்குக் குடுக்கக் கூடாது எண்டு நான் எழுதினன். ரெகுலா, எங்கடை தலைவி, எல்லாத்தையும் வடிவாப் பாத்தா. பாத்தால், மருந்து விடாத தட்டுகளிலையும் அதே ஜீன்கள் எழும்பி நிக்குது. மூண்டு தரம் செய்தனான், ரெண்டு தரம் அப்பிடி. ‘ஒண்டில் நீ தட்டுகளை மாத்திப் போட்டாய், இல்லாட்டில் வேணுமெண்டு மருந்தை விட்டாய்’ எண்டு சொல்லிப்போட்டா. வேணுமெண்டு செய்ததெண்டு பேர் வந்தால் என்னை வேறை எந்த லாபும் எடுக்காது அக்கா.”

கோசலா தர்சினியின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

சுவரோரமாக இரண்டு சூட்டுப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இன்குபேற்றர் என்று அங்கே சொல்வார்கள். மனித உடம்பின் சூட்டிலேயே கலங்களை வைத்துப் பார்க்கும் பெட்டி. வலது பக்கத்தது புதுசு. இடது பக்கத்தது பழசு, ஒரு சின்னத் திரையில் 37 என்று மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. மருந்து ஆவியாகக் கூடியது என்பதால் மருந்து விட்ட தட்டுகள் எல்லாம் புதுப் பெட்டியில், விடாதவை பழைய பெட்டியில். பழைய பெட்டியின் திரைக்குக் கீழே ஒட்டுநாடா ஒன்று ஒட்டியிருந்தது. அதில் டொச்சில், ஜேர்மன் மொழியில், ‘கழற்ற வேண்டாம்’ என்று தடித்த எழுத்து.

“இது என்ன?”

“அலாரம். சும்மா சும்மா கத்துது எண்டு கிறிஸ்மசுக்கு முன்னம் ரெகுலா அதை நிப்பாட்டி, விசைக்கு மேலை ஒட்டிவிட்டவா.”

மகேஸ்வரன் பெட்டியின் பின்பக்கத்துக் காற்று ஓட்டைகளை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போனார். கோசலா அங்கே கிடந்த சின்ன ஏணிப்படியில் ஏறிப் பழைய பெட்டியின் தலையைப் பார்த்தாள். நடுவிலே ஒரு வெள்ளை வளையம். யாரோ ஈரத் துணியால் துடைத்திருந்தும் முழுக்கப் போகவில்லை. விரலை நீட்டினாள்.

“தொடாதேங்கோ அக்கா! அது என்ன கெமிக்கலோ தெரியாது.”

“அண்ணை, வெள்ளைத் தூள்!” என்றாள் கோசலா, இத்தனை வருடச் சேவையில் இப்படி ஒரு வசனம் சொல்லக் கிடைத்த சந்தோசத்தோடு. “கடைசியா எங்களுக்கும் ஒரு மரியாதையான கேஸ்.”

மகேஸ்வரன் வெள்ளைத் தூளைச் சட்டை செய்யவில்லை. அவர் தர்சினியின் மடிக்கணினியை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். எழும்பிய ஜீன் சிவப்பு, படுத்த ஜீன் நீலம் என்று தர்சினி சொன்னாள்.

“பிள்ளை, பேயைக் கண்டாலும் ஆள் நடுங்கும். காய்ச்சல் வந்தாலும் நடுங்கும். என்ன?”

“ஓம்…”

“ஆனால் பேயைக் கண்டவன் ஓடுவான். காய்ச்சல்காரன் படுப்பான். நீங்கள் எல்லாரும் நடுக்கத்தை மட்டுந்தானே பாத்திருக்கிறியள். கால் ஓடினதோ எண்டு பாத்தனீங்களோ?”

தர்சினி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசைகளைத் தட்டத் தொடங்கினாள். “நான் படத்தின்ரை மேல் பக்கத்தைப் பாத்த உடனேயே அழுதிட்டன் அங்கிள். ரெகுலாவும் அதோடை மூடிப் போட்டா. கீழை இறங்கவே இல்லை…” படம் கீழே ஓடியது. அவளுடைய விரல் நின்றது.

“மருந்து விட்ட கலத்திலை ரெண்டு கூட்டம் எழும்புது. ஒண்டு, முறிஞ்ச புரதங்களைத் திருத்திற கூட்டம். மற்றது, நஞ்சை வெளியேத்திற கூட்டம். இஞ்சை பாருங்கோ, ரெண்டும் சிவப்பு. மருந்து விடாத தட்டிலை…” அவள் திரையைத் தொடப் போய் கையை இழுத்துக்கொண்டாள். தன் சொந்தக் கட்டளையை மீறப் பார்த்த வெட்கம். “திருத்திற கூட்டம் மட்டுந்தான் சிவப்பு. நஞ்சு வெளியேத்திற கூட்டம் நல்ல நித்திரை. அங்கிள், இதுகள் மருந்து குடிக்கேல்லை! மருந்தைக் கண்டதே இல்லை! நான் மாத்திப் போடேல்லை!”

“அப்ப என்னத்துக்கு நடுங்கினது?”

“திருத்திற கூட்டம் மட்டும் எழும்பிறதெண்டால்…” அவள் பழைய பெட்டியைப் பார்த்தாள். “சூடு. கலத்துக்குக் காய்ச்சல்.”

மூவரும் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டி அப்பாவியாக 37 காட்டியது.

“இப்ப ஒழுங்காக் காட்டும்,” என்றாள் கோசலா. “நாங்கள் மாப்பிள்ளை பாக்கப் போற நேரம் பெடியன்களும் ஒழுங்காத்தான் இருக்கிறவங்கள்.”

இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: யார் சூடாக்கியது? தர்சினி வெள்ளியன்று கலங்களைத் தட்டுகளில் போட்டு, ஞாயிறு பகல் மருந்து விட்டு, திங்கள் காலை வந்து எடுப்பாள். எனவே நடந்தது ஞாயிறு பின்னேரத்துக்கும் திங்கள் விடியலுக்கும் இடையில்.

“பழுதாகாத அந்த ஒரு முறை என்ன வித்தியாசம்?” என்று மகேஸ்வரன் கேட்டார்.

“ஒண்டுமில்லை அங்கிள். அதே கலம், அதே மருந்து, அதே நான். அந்தச் சனி ஞாயிறு அம்மா லுசேர்ணிலை ஒரு கலியாண வீட்டுக்குப் போட்டா. நான் ரெண்டு நாளும் பாணும் சீஸும் திண்டதுதான் வித்தியாசம்.”

“ஐயோ பாவம்,” என்றாள் கோசலா, மனதாரவே. “ஞாயிற்றுக்கிழமையிலை வேறை ஆர் இஞ்சை வாறவை?”

தர்சினி தயங்கினாள். “கார்முகிலன். கோயம்புத்தூர் ஆள். எனக்குப் பக்கத்து மேசை. ஒவ்வொரு ஞாயிறும் வாறவர், ஏனெண்டு சொல்லமாட்டார். எங்கள் ரெண்டு பேரிலை ஒருத்தருக்குத்தான் அடுத்த வருசம் வேலை.”

கோசலா மகேஸ்வரனைப் பார்த்தாள். மகேஸ்வரன் கோட்டைக் கழற்றினார். காரணமும் இருக்கிறது, சந்தர்ப்பமும் இருக்கிறது, வெள்ளைத் தூளும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு குற்றவாளிக்கு என்ன வேண்டும்?

குற்றவாளி இடைவேளை அறையில், மைக்ரோவேவ் முன்னால் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தான். உயரமான, மெலிந்த, யாரைக் கண்டாலும் சிரிக்கிற இளைஞன். மகேஸ்வரன் தன்னை அறிமுகப்படுத்தியதும் அந்தச் சிரிப்பு இன்னும் அகலமானது.

“டிடெக்டிவா? நிஜமாவா சார்? சுவிட்சர்லாந்துல தமிழ் டிடெக்டிவா? அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க!”

“ஞாயிற்றுக்கிழமையிலை இஞ்சை என்ன செய்யிறனீர்?” மகேஸ்வரன் குரலைத் தடிப்பாக்கினார். குடிகார மாப்பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் குரல் அது.

கார்முகிலன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னான். “யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். எங்க வீட்ல ஹீட்டிங்கை ரொம்பக் கம்மி பண்ணிட்டாங்க. ஜாக்கெட் போட்டுக்கிட்டு வீடியோ கால் பேசினா, குளிருதா கண்ணான்னு அம்மா அழ ஆரம்பிச்சிடுவாங்க. இங்க வந்து டீ-ஷர்ட்டோட உக்காந்து பேசினா, பையன் நல்லா இருக்கான்னு நிம்மதியாத் தூங்குவாங்க.”

கோசலாவுக்கு வந்த சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. இந்தக் குற்றவாளியை அப்படியே தர்சினிக்குக் கட்டிவைக்கலாம் போலிருந்தது. கேஸ் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“தர்சினியின்ரை பழைய பெட்டியைத் தொட்டனீரோ?”

“ஐயய்யோ! தர்சினி ‘தொட்டால் கை முறியும்’னு முன்ன ஒரு தடவை எழுதி ஒட்டியிருந்தாங்க சார். நான் அந்தப் பக்கம் மூச்சுகூட விடறதில்ல.” மைக்ரோவேவ் மணியடித்தது. அவன் டப்பாவைத் திறந்தான். ஊத்தப்பம். தடிப்பாக, ஓட்டை ஓட்டையாக, புளிப்பு வாசம் அறை முழுக்கப் பரவியது. “சாப்பிடுங்க மேடம். சார், நீங்களும்.”

விசாரணையின் நடுவில் சந்தேக நபரிடம் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று ஒரு விதி இருக்கத்தான் வேண்டும். கோசலா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பஞ்சு. அவளுடைய வீட்டில் இந்தக் குளிர் தொடங்கிய நாள் முதல் தோசை மா ஒரு நாளும் புளித்துப் பொங்கியதில்லை. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள், அவண் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்தாள், ஒரு நாள் தன் கட்டிலில் போர்வைக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். சுட்டால் தட்டையாக, றப்பராக வரும்.

“என்னண்டு மா இப்பிடிப் பொங்கினது உமக்கு?”

“எனக்கா? நீங்க வேற மேடம். அரிசியை மாத்திப் பாத்தேன், உளுந்தை மாத்திப் பாத்தேன். பயாலஜில டாக்டர் பட்டம் வாங்கினவன், ஒரு டப்பா மாவைப் பொங்க வைக்க முடியல. இது கிளீனிங் பண்ற பாக்கியம் ஆன்ட்டி குடுக்கறது. வாரா வாரம் திங்கட்கிழமை காலைல ஒரு டப்பா மாவு குடுப்பாங்க, ஃப்ரிட்ஜுல வெச்சு வாரம் பூரா ஓட்டுவேன். எப்படி ஆன்ட்டி இந்தக் குளிர்லன்னு கேட்டா, ரகசியம்னு சிரிப்பாங்க. நடுவுல ஒரு வாரம்தான் தரல. ஏதோ கல்யாணம்னு போயிட்டாங்க.”

கோசலாவின் தாடை நின்றது.

திங்கட்கிழமை காலை. வெள்ளை வளையம். லுசேர்ண் கலியாண வீடு. அவள் மெல்லத் திரும்பி மகேஸ்வரனைப் பார்த்தாள். அவர் தன் துண்டைக் கையில் வைத்து, அதிலிருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மெல்லவில்லை.

“அண்ணை,” என்றாள் மெதுவாக. “இந்தக் கேஸை எங்களுக்குத் தந்த ஆள் ஆர்?”

“விழுங்கு கோசலா.”

படியிறங்கும்போது இருவரும் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்கள். கோசலாதான் முதலில் வாய் திறந்தாள்.

“சொல்லத்தான் வேணுமோ? ஆரோ தெரியாத ஆள், ஏதோ கரண்ட் பிழை எண்டு விடுவமே.”

“மாப்பிள்ளை குடிகாரன் எண்டு தெரிஞ்சால் பொம்பிளை வீட்டுக்குச் சொல்லாமல் விடுவமோ?”

“அது மாப்பிள்ளை அண்ணை. இது தாய்.”

“கேட்டவ அவா. முதல் அவாவுக்குத்தான் சொல்ல வேணும். பிறகு என்ன செய்யிறதெண்டு அவா முடிவெடுக்கட்டும்.” அவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கும் இது பிடிக்கேல்லை, கோசலா.”

நிலவறையில், துடைப்பக் கட்டைகளும் வாளிகளும் அடுக்கிய சின்ன அறையில் சிவபாக்கியம் இருந்தார். கட்டையான, சுறுசுறுப்பான மனுசி. இவர்களைக் கண்டதும் ஃபிளாஸ்கைத் திறந்து ரீ ஊற்றத் தொடங்கிவிட்டார்.

“பிடிச்சிட்டியளோ தம்பி? ஆர் அந்த அறுவான்?”

மகேஸ்வரன் ரீயை வாங்கினார், குடிக்கவில்லை. “அக்கா, மேலை அந்தப் பெடியன்ரை ஊத்தப்பம் சாப்பிட்டனாங்கள். நல்ல மா.”

சிவபாக்கியத்தின் முகம் மலர்ந்துபோனது. “அவனுக்குப் பாவம், ஆருமில்லை. என்ன கா, உங்கடை வீட்டிலையும் இந்தக் குளிருக்கு மா பொங்கிறேல்லையோ?”

“இல்லை,” என்றாள் கோசலா. பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“என்ரை வீட்டிலையும் அப்பிடித்தான். வீட்டைச் சூடாக்கிற ஹைற்சுங்கைக் குறைச்சுப் போட்டாங்கள், ரெண்டு நாள் வைச்சாலும் மா அசையாது. இவள் பிள்ளை இந்த மாரி முழுக்க ஒழுங்காச் சாப்பிடேல்லை. இராப்பகலாக் கலம், கலம் எண்டு. தோசை எண்டால் மட்டும் ரெண்டு கூடச் சாப்பிடுவாள். அப்பதான் யோசிச்சன், பிள்ளையின்ரை பெட்டி சும்மா சூடாத்தானே நிக்குது எண்டு.” அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். “உள்ளுக்கை இல்லை! உள்ளுக்கை வைச்சால் கிருமி போயிடும், எனக்குத் தெரியாதோ. கதவைத் தொடவே மாட்டன். ஞாயிறு வேலை முடிய வாளியை மேலை வைச்சிட்டு, திங்கள் விடிய வந்து எடுத்துப்போடுவன். ஒரு நாள் பொங்கி வழிஞ்சு போச்சுது, அதையும் துடைச்சுப்போட்டன்.”

“மூடி வைப்பியளோ அக்கா?”

“வீட்டுக் கம்பளியாலை. வாளியையும் பெட்டியையும் சேத்து, பின்னாலையும் விட்டுச் சுத்திவிடுவன். துளி காத்துப் போகாது. அதுதான் ரகசியம்.”

மகேஸ்வரன் ரீக் கோப்பையை வாளி ஒன்றின் மூடியில் வைத்தார்.

“பெட்டிக்குப் பின்னாலை காத்துப் போற ஓட்டையள் இருக்கு அக்கா. அதாலைதான் பெட்டி தன்ரை சூட்டை வெளியிலை விடும்.”

சிவபாக்கியம் தலையாட்டினார். ஏதோ தெரியாத ஊர்ச் செய்தியைக் கேட்பவர் மாதிரித்தான் முதலில் தலையாட்டினார். பிறகு தலை நின்றது.

“அப்ப… உள்ளுக்கை இருந்த கலங்களுக்கு?”

“காய்ச்சல் வந்தது.”

“நானோ?”

கோசலா எத்தனை வீட்டு வாசலில் எத்தனை கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள், ஒன்றும் இப்படி நெஞ்சில் குத்தியதில்லை. சிவபாக்கியம் றப்பர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மணி என்ன தம்பி?”

“நாலுக்குக் கிட்ட.”

அவர் லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. படியேறினார். கோசலாவும் மகேஸ்வரனும் பின்னால் மூச்சு வாங்க ஓடினார்கள். மூன்றாம் மாடியில், ரெகுலாவின் கதவுக்கு வெளியே தர்சினி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தாயைக் கண்டதும் கண் விரிந்தது. இந்த மாடியில் இந்த நேரத்தில் அம்மா வருவதில்லை.

சிவபாக்கியம் வாளி, கம்பளி, ஓட்டை என்று நாலு வார்த்தையில் சொல்லி முடித்தார். தர்சினி முதலில் சுவரில் சாய்ந்தாள். பிறகு தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“நீங்கள் போங்கோ அம்மா. பெட்டியைச் சுத்தி ஏதோ துணி கிடந்தது, நான் கவனிக்கேல்லை எண்டு சொல்லுறன். என்ரை பிழை எண்டு முடிஞ்சு போகட்டும். உங்களை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம்.”

“நிப்பாட்டட்டும்.”

“அம்மா!”

“நான் இந்தத் தம்பியை என்னத்துக்குப் பிடிச்சனான்? என்ரை பிள்ளை பிழை விடேல்லை எண்டு காட்டத்தானே? காட்டிட்டார்.” அவர் மகளின் கையை விலக்கிவிட்டுக் கதவைத் தட்டினார்.

ரெகுலா ஒல்லியான, நரைத்த, நேரம் தவறாத பெண்மணி. ஒருத்தியை எதிர்பார்த்த இடத்தில் நாலு பேர் நுழைந்ததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். சிவபாக்கியம் தனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னார். நீண்ட வசனங்கள் இல்லை. நான் செய்தேன். மா வைத்தேன். பெட்டியை மூடினேன். தர்சினிக்குத் தெரியாது. அவள் பிழை இல்லை.

ரெகுலாவுக்கு முதலில் முகம் சிவந்தது. தர்சினி மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்து, படத்தைக் கீழே கீழே இறக்கிக் காட்டினாள். நஞ்சை வெளியேற்றும் கூட்டம் நித்திரையாகக் கிடந்த அந்த நீலப் பகுதியை ரெகுலா நெடுநேரம் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன், வரும் வழியில் ஆய்வுகூடத்துக்குள் புகுந்து உரித்துக்கொண்டு வந்த ஒட்டுநாடாவை மகேஸ்வரன் மேசையில் வைத்தார். ‘கழற்ற வேண்டாம்.’ ரெகுலாவுக்குத் தன் கையெழுத்தை அடையாளம் காண நேரம் எடுக்கவில்லை.

“இது இல்லாவிட்டால் அலாரம் கத்தியிருக்கும்,” என்றார் ரெகுலா, தனக்குத்தானே. பிறகு தர்சினியிடம் திரும்பினார். “முதல் பக்கத்தோடு நானும் நிறுத்திவிட்டேன். மன்னித்துக்கொள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் மறுபடி தொடங்கு. புதுப் பெட்டியில். மருந்துக் கம்பனிக்கு நான் எழுதுகிறேன், உன்னுடைய முடிவு வரும்வரை யாரும் அதை ஒரு மனிதனுக்கும் கொடுக்கக் கூடாது என்று.”

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோசலா நிம்மதியாக மூச்சுவிடப் போனாள். ஆனால் ரெகுலா சிவபாக்கியத்தின் பக்கம் திரும்பியிருந்தார்.

“ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்தக் கட்டிடத்தில் எத்தனை சூட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. ஏன் வாராவாரம் தர்சினியுடைய பெட்டிக்கே போனீர்கள்?”

சிவபாக்கியம் நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் கோசலாவுக்கு விளங்கியது, இந்த அறையில் ஒருவருக்கு அந்த விசயமே தெரியாது. மகளின் பேருக்குப் பின்னால் தகப்பனின் பேர், தாயின் பேருக்குப் பின்னால் தாயினுடைய தகப்பனின் பேர். எங்கள் வழக்கம் அது, சுவிஸ்காரருக்கு இரண்டும் இரண்டு குடும்பம். அதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டவர் சிவபாக்கியம்தான். கூட்டித் துடைக்கிறவளின் மகள் என்று தெரிந்தால் பிள்ளைக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். படிகளில் சந்தித்தால்கூட தாயும் மகளும் மற்றவர்களைப் போலத்தான் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அவர் இப்போதும் மகளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

“எனக்காக,” என்றாள் தர்சினி. “நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று. இவர் என்னுடைய அம்மா.”

ரெகுலா இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாடி, நெற்றி, அழப்போகும்போது உதட்டைக் கடிக்கிற விதம். இவ்வளவு காலமும் எப்படித் தெரியாமல் போனதென்று அவர் முகம் கேட்டது. பிறகு எழுந்து, மேசைக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து, சிவபாக்கியத்துக்குக் கையால் காட்டினார். இருங்கள் என்றார்.

சிவபாக்கியம் கதிரை நுனியில் இருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிய, மகளின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“சொல்லாதை எண்டு சொன்னனானெல்லோ, மனே. எவ்வளவு காலமா ஒளிச்சு வைச்சனான், ஒரு தோசையாலை கெடுத்திட்டாய்.”

“தோசை வைச்சது நீங்கள் அம்மா,” என்றாள் தர்சினி, அழுதுகொண்டே.